வீடு ஓரிடம், நிறுவனம் வேறிடம்: விமானியின் வரி யாருக்கு?

பார்சிலோனாவைத் தளமாகக் கொண்டு அயர்லாந்து நிறுவனத்துக்கு ஓட்டும் விமானி ஒருவர். சிட்னியில் குடியிருந்து ஹாங்காங் நிறுவனத்துக்கு ஓட்டும் விமானி இன்னொருவர். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வரி மட்டும் நேரெதிர்: நிறுவனம் எங்கிருந்து நடக்கிறது என்று அயர்லாந்து பார்க்கிறது, ஆள் எத்தனை நாள் தன் மண்ணில் கால் வைத்தார் என்று ஹாங்காங் பார்க்கிறது.

அயர்லாந்தின் சட்டம் கறாரானது. நிறுவனத்தின் உண்மையான நிர்வாகம் அந்நாட்டில் நடந்தால், பன்னாட்டு விமானங்களில் பணிபுரிபவர் எங்கே குடியிருந்தாலும் சம்பளம் அயர்லாந்தின் வரிக்கு உட்படும். 2011 முதல் இதுதான் நிலை. தனி ஆள், ஆண்டுச் சம்பளம் 1,00,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 2025 விகிதப்படி முதல் 44,000 யூரோவுக்கு 20%, மீதி 56,000-க்கு 40%, ஆக 31,200. அந்த வரியிலிருந்து வழக்கமான கழிவு 4,000 போனால் 27,200 யூரோ. அதன்மேல் 8% வரை ஏறும் பொதுச் சமூக வரி தனி. வெளிநாட்டில் குடியிருப்பவர் கழிவில் ஏமாறக் கூடாது: ஸ்பெயின் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வசிப்பவருக்கு அது முழுதாகக் கிடைக்க, உலக வருமானத்தில் 75 சதவீதமாவது அயர்லாந்தில் வரிக்கு உட்பட வேண்டும்.

அத்தோடு விடுவதில்லை. ஆண்டில் 183 நாளுக்கு மேல் வசித்தால் ஸ்பெயினும் உலக வருமானத்தைக் கேட்கும். அயர்லாந்தில் கட்டியதைக் கழித்து, பாக்கி இருந்தால் வாங்கிக்கொள்ளும். சமூகக் காப்புச் சந்தாவோ, 2012 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, தளம் இருக்கும் நாட்டுக்கே. சம்பளச் சீட்டில் ஒரு வரியில் டப்ளின், அடுத்த வரியில் மாட்ரிட்.

ஹாங்காங் கணக்கு வேறு. விமானப் பணியாளர் ஒரு வரி ஆண்டில் 60 நாளுக்கு மிகாமலும், தொடர்ந்த இரு ஆண்டுகளில் 120 நாளுக்கு மிகாமலும் அங்கே இருந்தால் சம்பளத்துக்கு வரியில்லை. கேட்க இனிக்கிறது. ஆனால் ஓய்வுக்காக விடுதியில் படுத்த நாளும் இருந்த நாள்தான். ஒரு நடைக்கு இரண்டு நாள், மாதம் இரண்டு நடை என்றால் ஆண்டுக்கு 48 நாள், தப்பிக்கலாம். மூன்று நடையானால் 72, வரி வந்துவிடும்.

வந்தாலும் சிட்னிவாசிக்குப் பெரிய அடி இல்லை. ஹாங்காங்கின் மேல் விகிதம் 17% மட்டுமே. ஆஸ்திரேலியாவோ தன் குடியிருப்பாளரின் 1,90,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 45 சதவீதமும், மருத்துவக் காப்புக்கு 2 சதவீதமும் வாங்குகிறது. இரு தரப்புக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இல்லையென்றாலும், வெளிநாட்டில் கட்டிய வரியை ஆஸ்திரேலியா தன் சட்டப்படியே கழித்துத் தருகிறது. ஆக மொத்தச் சுமை ஆஸ்திரேலிய அளவிலேயே நிற்கிறது. "ஹாங்காங் சம்பளம், வரி குறைவு" என்று ஆள் சேர்ப்பவர் சொல்வது ஹாங்காங் போன்ற வரி குறைந்த இடத்தில் குடியேறுபவருக்கு மட்டுமே பொருந்தும்.

துபாய் நிறுவனத்தில் சேரும் நம்மூர் விமானிகளுக்கும் இதே பொறி உண்டு. அங்கே தனிநபர் வருமான வரி இல்லை. ஆனால் குடும்பத்தைச் சென்னையில் வைத்து, விடுப்பெல்லாம் இங்கேயே கழித்து, ஆண்டில் 182 நாளை எட்டினால் இந்தியா அவரைக் குடியிருப்பாளராகக் கொள்ளும். துபாயில் கட்டாத வரியைக் காட்டி இங்கே கழிவு கேட்கவும் முடியாது.

(அமெரிக்கர் பாடு தனிக்கதை. வெளிநாட்டில் வாழ்ந்தால் 2025-க்கு 1,30,000 டாலர் வரை சம்பளத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் நடுக்கடலுக்கு மேல் பறந்த நேரத்தின் சம்பளம் அதில் சேராது. கடல் எந்த நாடும் அல்லவாம்!)

என் தேர்வு? ஒரே ஊரில் நிலைத்து வாழ்பவருக்கு அயர்லாந்து வழியே மேல். வரி கூடுதல்தான்; ஆனால் முன்கூட்டியே தெரியும், சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். நாள் எண்ணும் வேலையாவது மிச்சம். ஹாங்காங் வழி, நடைகளைத் தானே தேர்ந்தெடுக்கக்கூடிய, வீட்டையும் வரி குறைந்த நாட்டுக்கு மாற்றத் தயாரான ஆளுக்கு. அந்த இரண்டும் உங்களால் முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.