இன்ஜின் மவுண்டிங் மாற்றி 14 மாதங்களுக்குப் பிறகு

திருவொற்றியூரில் இருக்கும் என் மைத்துனர், என்னிடம் உள்ளதைப் போன்ற ஒரு பழைய பிக்கப்பை விலை பேசிக்கொண்டிருக்கிறார். நிற்கும்போது ஸ்டீயரிங் உதறுகிறதே என்று கேட்டதற்கு, "மவுண்டிங் ரப்பர்தான், முன்னால் இரண்டை மாற்றினால் போதும்" என்று விற்பவர் சொன்னாராம். (மவுண்டிங் என்பது இன்ஜினைச் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் உட்காரவைத்து, அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் தாங்கி.) இதே பேச்சை நம்பி ஒருமுறை பணத்தை விட்டவன் நான் என்பதால், போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2009ஆம் ஆண்டு வண்டி, நான்கு சிலிண்டர் டீசல். காசிமேட்டிலிருந்து மாதவரத்துக்கு மீன் பெட்டி ஏற்றுவதுதான் அதன் பிழைப்பு. வடசென்னையில் லோடு வண்டி வைத்திருப்பவருக்குத் தெரியும்: ஓடுகிற நேரத்துக்குச் சமமாக இன்ஜின் உறுமிக்கொண்டு நிற்கிற நேரமும் உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி கடக்கும் வரை நிற்க வேண்டும்; எண்ணூர் விரைவு சாலைப் பக்கம் போனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர்களின் வாலில் நிற்க வேண்டும். மவுண்டிங் தளர்ந்த வண்டி ஓட்டத்தில் தன் குறையை ஓரளவு மறைத்துவிடும், நிற்கும்போது மறைக்க முடியாது. அணைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அணைக்கிற ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேசிஸில் இடித்த சத்தத்தைக் கேட்டவர்கள் அணைக்க யோசிப்பார்கள்.

முதல் முறை புதுப்பேட்டையில் மலிவாக இரண்டு வாங்கி முன்பக்கம் மாட்டினேன். கியர்பாக்ஸின் கீழே இருக்கும் மூன்றாவதைத் தொடவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் பழைய உதறல் திரும்பியது. சரக்கு ரப்பர் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். அது பாதி நியாயம்தான் என்று பிறகு தெரிந்தது.

8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றிதழ், எடுக்க வேண்டும். அதற்காக அடிப்பாகத்தைக் கழுவியபோது, வேறொரு மெக்கானிக் டார்ச் அடித்து வலப்பக்க மவுண்டிங்கைக் காட்டினார். ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, தகட்டை விட்டுப் பிரிந்திருந்தது. அவர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம்: வெளிச்சத்தை மேலே திருப்பினார். டேப்பட் கவர் எனும் இன்ஜின் மேல்மூடியின் பேக்கிங்கிலிருந்து கசிந்த ஆயில், இன்ஜின் உடலோடு கோடு போட்டு இறங்கி, நேராக அந்த ரப்பரில் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வகை மவுண்டிங்கில் இருப்பது பெரும்பாலும் இயற்கை ரப்பர். அதிர்வை வாங்குவதில் அது கெட்டிக்காரன், ஆனால் எண்ணெயில் ஊறினால் உப்பி வலுவிழந்துவிடும். முன்னூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு பேக்கிங்குக்காக இரண்டு மவுண்டிங்கும் இரண்டு கூலியும் கொடுத்திருக்கிறேன். முதல் மெக்கானிக் ஒருமுறை அண்ணாந்து பார்த்திருந்தால் போதும் என்ற எரிச்சல் இன்றும் தீரவில்லை.

இரண்டாம் முறை முதலில் பேக்கிங்கை மாற்றி, இரண்டு நாள் ஓட்டி, கசிவு நின்றதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே கம்பெனி மவுண்டிங் மூன்றையும் வாங்கினோம். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பின் கீழே நேரடியாக ஜாக்கியை வைத்தால் தகடு நசுங்கும் என்பதால், நடுவே தடித்த மரக்கட்டையைக் கொடுத்து இன்ஜினைத் தூக்கினார்கள். மவுண்டிங்கை உருவும் அளவுக்கு மட்டுமே தூக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் ஃபேன் கவரில் இடிக்கும், ரேடியேட்டர் ஹோஸ் இழுபடும். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்த கியர்பாக்ஸ் பக்கத்துப் போல்ட்டு ஒன்று மட்டும் அரை நாளை விழுங்கிவிட்டது. மூன்றையும் தளர்வாக மாட்டி, ஜாக்கியை இறக்கி, இன்ஜின் தன் எடையில் அமர்ந்த பிறகுதான் மெக்கானிக் நட்டுகளை இறுக்கினார். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும் என்றார்.

மறுநாள் அதிகாலையில் லோடு ஏற்றிக் கிளம்பியபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஸ்டீயரிங் அடங்கும் என்று தெரியும். கியர் லீவர் அசையாமல் நிற்கும் என்று நினைக்கவே இல்லை. கிளட்சை விடும்போது வந்த உதைப்பு போய், இரண்டாவது கியர் கைக்கு இதமாக விழுந்தது. இத்தனை நாளும் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகித்திருந்தேன். 14 மாதங்கள் ஆகியும் அந்தச் சுகம் குறையவில்லை. மவுண்டிங்கில் ஒரு சொட்டு ஆயில் இல்லை.

ஆனாலும் பின்னால் வருவதைப் பார்க்கும் வலப்பக்கக் கண்ணாடி இன்னும் ஆடுகிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் நிற்கும்போது, இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று, சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக நொடிக்கு ஏறக்குறைய 27 உதை. புது ரப்பர் விறைப்பாக இருப்பதால் அந்த உதை கொஞ்சம் சேசிஸுக்குக் கடத்தப்படுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். நாளானால் பழகும் என்றார்கள், பழகவில்லை. கண்ணாடியையே மாற்றிப் பார்த்தேன். ஐடிலை ஐம்பது சுற்று ஏற்றினால் ஆட்டம் பாதியாகிறது, ஆனால் கேட்டில் நிற்கும் நேரமெல்லாம் டீசல் அல்லவா எரிகிறது! பின்னால் ஒட்டி நிற்கும் டிரெய்லரின் நம்பர் பிளேட் இரண்டிரண்டாகத் தெரியும்போதெல்லாம், செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் ஞாபகத்துக்கு வருகிறது.

மவுண்டிங் வேலைக்கு என்னிடம் குறையில்லை. மாற்றுவதாக இருந்தால் மூன்றையும் மாற்றுங்கள், அதற்கு முன் மேலே எங்கே கசிகிறது என்று பாருங்கள். மைத்துனரிடம் மட்டும் அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டார். கண்ணாடி என்றேன். சிரித்துவிட்டார், நான் சிரிக்கவில்லை.