மரத்தளம் போடுகிறீர்களா? பிளைவுட் முத்திரையைப் பாருங்கள்

வேளச்சேரியில் எங்கள் வீடு தரைத்தளம். டைல்ஸின் குளிர்ச்சி முழங்காலுக்கு ஆகவில்லை என்பதால் அம்மாவின் அறைக்கு மட்டும் தேக்குப் பலகை போட்டோம். 12-க்கு 14 அடி. கொட்டேஷன் ஒழுங்காகத்தான் இருந்தது: பழைய டைல்ஸை உடைத்துப் புதுச் சிமெண்ட் மட்டம், ஈரச் சோதனை, ஈரம் மேலேறாமல் பாலித்தீன் விரிப்பு, ஈரம் தாங்கும் ரகமான 12 எம்எம் மரைன் பிளைவுட், அப்புறம் பலகை.

சிமெண்ட் போட்ட பத்தாம் நாளே பிளைவுட் வந்து இறங்கியது. "கையை வச்சுப் பாருங்க சார், காஞ்சு கிடக்கு" என்றார் ஒப்பந்தக்காரர். நானும் கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினேன். என் புத்தி அவ்வளவுதான். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் வாரக்கணக்கில் கிடக்கும். 28 நாள் என்பதுகூட சிமெண்ட் வலு ஏறும் கணக்கு, காயும் கணக்கு அல்ல. ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீனை நறுக்கி, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டிருந்தால் அடியில் நீர் கோத்திருப்பது தெரிந்திருக்கும்.

ஐப்பசி மழைக்குப் பலகைகள் விளிம்பு தூக்கி, மல்லாத்திய நாட்டு ஓடு மாதிரி ஆகிவிட்டன. அம்மாவின் வாக்கர் ஒவ்வொரு இணைப்பிலும் தட்டியது. "ஏசி போடுங்க சார், அமுங்கிடும்" என்றவர், அடுத்த வாரத்திலிருந்து போனை எடுக்கவில்லை.

வேறொரு ஆசாரியை அழைத்து நாலைந்து பலகைகளைப் பெயர்த்தோம். ஓத வாடை குப்பென்று அடித்தது. பாலித்தீன் இருந்தது, சுவரோரமாக ஒரு சாண் அகலத்துக்கு, எட்டிப் பார்த்தால் கண்ணில் படும் இடத்தில் மட்டும். தரைப் பள்ளத்தில் அட்டைப்பெட்டித் துண்டுகள். பிளைவுட்டில் ஐஎஸ் 303 முத்திரை, அதாவது பொதுப் பயன்பாட்டு ரகத்துக்கான இந்தியத் தர எண். மரைன் என்றால் 710 இருக்க வேண்டுமாம். பில்லில் மட்டும் மரைன்! பலகை விரிய இடைவெளியும் விடாமல் சுவரில் முட்டி நிறுத்தியிருந்தார்கள்.

வேலை முடிந்த அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். நீங்கள் பாலித்தீனையும் பிளைவுட் முத்திரையையும் பலகை மூடும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள், அதற்குப் பிறகு அடுத்த தவணையைக் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை.

அம்மாவின் கட்டில் இப்போது ஹாலில். அறை வெறும் சிமெண்டாகக் கிடக்கிறது. ஞாயிறுதோறும் பாலித்தீன் ஒட்டிப் பார்க்கிறோம். போன வாரமும் துளி இருந்தது.