தீயணைப்பு வேலைத் தேர்வுக்கு 12 வாரப் பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

முதல் முறை நான் தோற்றது ஏணியில். படிக்கட்டு முடிந்தது, குழாய் இழுத்தாயிற்று, ரம்பங்களைத் தூக்கிக்கொண்டு நடந்து திரும்பக் கொண்டுவந்து வைத்தாயிற்று. நான்காவதுதான் ஏணி, கயிற்றை இழுத்தால் மேல்பாகம் நீளும் வகை. கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுத்து மேல்பாகத்தை முழுசாக ஏற்றிவிட்டேன். இறக்கும்போது விரல்கள் பிடியை விட்டுவிட்டன. கையுறைக்குள் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கயிறு கட்டுப்பாடு இல்லாமல் நழுவினால் அந்த இடத்திலேயே தேர்வு முடிந்தது என்பது விதி.

நான்கு வருஷமாகக் கிடங்கில் இரவு ஷிப்ட்டில் பெட்டி தூக்குகிறேன். உடம்பு தாங்கிவிடும் என்றுதான் நினைத்தேன். முதுகும் தொடையும் தாங்கின, முன்கை தாங்கவில்லை. அதற்கு அப்புறம்தான் இந்தப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று மாலை, மொத்தம் 12 வாரம். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இப்படி ஒரு இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நகரத் தீயணைப்புத் துறைகள் புதியவர்களை எடுக்க 'சிபேட்' என்ற உடல்திறன் தேர்வை வைக்கின்றன. எட்டு வேலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். மதிப்பெண் கிடையாது. முடித்தால் தேர்ச்சி, நேரம் தாண்டினால் தோல்வி. தொடக்கத்திலிருந்து முடிவு வரை உடம்பில் 50 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 23 கிலோ எடைச்சட்டை இருக்கும். சுவாசக் கருவிக்கும் பாதுகாப்பு உடைக்கும் பதிலாக அந்தப் பாரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே எடை, அதே நேரம். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். இருந்தும் இந்த விதி சரி என்றே நினைக்கிறேன். மயங்கிக் கிடப்பவரின் எடை, தூக்க வருபவரைப் பார்த்துக் குறையாது.

மையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது படிக்கட்டுப் பயிற்சி. தேர்வில் முதல் வேலை அதுதான். அதற்கு மட்டும் தோளில் இன்னும் 25 பவுண்டு ஏற்றுவார்கள், மொத்தம் 34 கிலோ. 20 விநாடி பழகிக்கொள்ள விடுவார்கள். அப்புறம் நிமிடத்துக்கு 60 படி வீதம் 3 நிமிடம். கைப்பிடியில் சாயக் கூடாது. 3 நிமிடம் இதிலேயே போய்விட்டால் மீதி ஏழு வேலைக்கும் 7 நிமிடம் 20 விநாடிதான். பலர் செய்யும் தவறு, முதல் நாளே எடைச்சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி முழங்காலைக் கெடுத்துக்கொள்வது. இங்கே முதல் இரண்டு வாரம் வெறும் உடம்போடுதான் ஏற விட்டார்கள். பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடை. முழுப் பாதத்தையும் படியில் வைக்கச் சொல்லி விடாமல் திருத்தினார்கள். நுனிக்காலில் ஏறினால் இரண்டாவது நிமிடத்திலேயே கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது. இரண்டு படிக்கு மூச்சை இழு, இரண்டு படிக்கு விடு என்று எண்ண வைத்தார்கள். எட்டாவது வாரம் இயந்திரத்திலிருந்து இறங்கியபோது என்னால் பேச முடிந்தது. அன்றைக்குத்தான் இது நடக்கும் என்று நம்பினேன்.

இன்னொன்று, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே 85 அடி நடக்க வேண்டும். ஓடக் கூடாது, ஓடினால் எச்சரிக்கை. முதல் முறை அந்த நடையை நான் பதற்றத்திலேயே கழித்தேன். தோள்களைத் தளர்த்தி, கைகளை உதறி, மூச்சை ஆழமாக இழுத்து நடக்க இங்கே தனியாகப் பழக்கினார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் ஏழு முறை கிடைக்கும் அந்த ஓய்வை நான் முன்பு பயன்படுத்தவே இல்லை.

சரி, ஏணிக்கு வருகிறேன். நான் தோற்ற காரணத்தைச் சொன்னதும் மூத்த பயிற்றுநர் ஏணிப் பக்கமே என்னை விடவில்லை. ஒரு வாளியில் மணலை நிரப்பி, கயிற்றில் கட்டி, உத்தரத்தின் மேல் போட்டுக் கொடுத்தார். ஏற்றுவது சுலபம். இறக்குவதைத்தான் கவனிக்கச் சொன்னார். ஒரு கை கயிற்றை முழுசாகப் பிடித்த பிறகே அடுத்த கை விட வேண்டும், வாளி தரையில் படும்போது சத்தம் வரக் கூடாது. ஒரு நாளைக்கு 20 முறை. அதோடு ஈரத் துண்டைக் கம்பியில் போட்டு அதைப் பிடித்துத் தொங்குவது. மூன்று வாரம் கழித்துத்தான் 24 அடி ஏணிக்கு அழைத்துப் போனார். இந்தப் பொறுமைக்காகவே அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

இருட்டுக் கூண்டுக்குள் தவழ்வது எனக்குப் பயமாக இருந்தது. தேர்வில் அது 64 அடி, வளைந்து வளைந்து போகும், நடுவில் தடைகள், சில இடத்தில் குறுகும். மையத்தில் இதோடு நிற்காமல், கண்ணாடியை மறைத்த சுவாச முகமூடியை மாட்டியும் பழக வைத்தார்கள். முதல் நாள் என் வகுப்பில் இருவர் முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. அடுத்த நாள் இரண்டு நிமிடம், அதற்கடுத்த நாள் நான்கு நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு கை சுவரை விடக் கூடாது, எந்தக் கையால் நுழைந்தோமோ அதே கையால்தான் அறையைச் சுற்றி வர வேண்டும். ஏன் தவழ வேண்டும் என்பதையும் விளக்கினார்கள். எரியும் அறையில் சூடும் புகையும் மேலே திரளும், தரையோரம்தான் கொஞ்சமாவது பார்க்க முடியும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிவதால், யோசிக்காமல் குழாயைத் திறந்தால் அந்த நீராவி உள்ளே இருப்பவர்களையே வேக வைத்துவிடும். தேர்வுக்குத் தேவையில்லாத பாடம் இது. வேலைக்குத் தேவையான பாடம்.

உடையைக் கழுவுவது பற்றி அவர்கள் காட்டிய கண்டிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய பாதுகாப்பு உடைகளை வைத்துத்தான் பயிற்சி. முடிந்ததும் துடைத்து, தனிப் பையில் கட்டி, கழுவப் போட வேண்டும். யாரும் காரில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. புகைக்கரி படிந்த உடைதான் வீரத்துக்கு அடையாளம் என்ற பழைய எண்ணத்தை வேரோடு பிடுங்கப் பார்த்தார்கள். தீயணைப்புப் பணியால் புற்றுநோய் வருகிறது என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ல் முடிவு செய்து, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. இதை முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவர் விலகினார். ஆள் குறைந்தால் பணம் குறையும் என்று தெரிந்தும் இதை மறைக்கவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இனி குறைகள். எட்டாவது வேலைக்கான கூரைக் கருவி, 12 வாரத்தில் 5 வாரம் பழுதாகவே கிடந்தது. நீண்ட கழியால் மேலே மூன்று முறை இடிக்க வேண்டும், ஐந்து முறை கீழே இழுக்க வேண்டும். இப்படி நான்கு சுற்று. கை ஓய்ந்துபோன நேரத்தில் வரும் கடைசி வேலை அது. அதைத்தான் அதிகம் பழக வேண்டும். கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் வந்துவிடும் என்றார்கள். இழுத்துச் செல்லும் 165 பவுண்டு பொம்மையில் கைப்பிடி கிழிந்து, பதிலுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். தேர்வில் இருப்பது தோள்வார் மாதிரியான கைப்பிடி, பிடிக்கும் விதமே வேறு. இவ்வளவு வாங்கிக்கொண்டு ஒரு கைப்பிடியைத் தைக்காமல் விட்டது எனக்கு வருத்தம்தான். சேருவதற்கு முன் ஒருமுறை நேரில் போய், எட்டுக் கருவியும் ஓடுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

மருத்துவப் பகுதி இன்னும் மோசம். விளம்பரத்தில் 'தீயணைப்பு மற்றும் பாராமெடிக் பயிற்சி' என்று போட்டிருந்தது. பாராமெடிக் என்பவர் ஆம்புலன்ஸில் உயர்நிலை மருத்துவ உதவி செய்பவர். கிடைத்தது நான்கு வகுப்பு. நெஞ்சு அழுத்துவதை நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக எழும்பி வர விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், ஏனென்றால் களைத்தவருக்குத் தன் அழுத்தம் குறைவது தெரியாது. எல்லாம் சரி. ஆனால் இதைப் பாராமெடிக் பயிற்சி என்று சொல்வது தவறு. ஆம்புலன்ஸில் அடிப்படை நிலையில் இருக்கும் இஎம்டி சான்றிதழுக்கே 150 மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டியிருக்கும். பாராமெடிக் என்றால் வகுப்பு, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். பல நகரத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு மருத்துவ உதவிக்குத்தான். அதனால் இஎம்டி சான்றிதழோடு வந்தால்தான் விண்ணப்பமே எடுப்போம் என்று சில துறைகள் சொல்கின்றன. என் வகுப்பில் 19 வயதுப் பையன் ஒருவன், இந்த நான்கு வகுப்பே அந்தச் சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒன்பதாவது வாரத்தில் அவனுக்கு விஷயம் தெரிந்தது. விண்ணப்பக் கடைசி நாள் அதற்குள் போய்விட்டது. அவன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. முதல் நாளே யாராவது அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு வகுப்புகள் சுமார். பழைய மாதிரித் தாள்களைத் தந்து நேரம் பார்த்தார்கள், வீட்டிலேயே செய்யலாம்.

நேர்காணல் வகுப்பில்தான் எனக்கு ஒப்பவில்லை. அச்சடித்த பதில்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார் ஒருவர். சிறு வயதிலிருந்தே இதுதான் என் கனவு என்று 18 பேரும் வரிசையாகச் சொன்னோம். எனக்கு அது கனவாக இருந்ததில்லை. இரண்டு வருஷம் முன்பு கிடங்கில் ஒருவர் மயங்கி விழுந்தார். சுற்றி நின்ற 11 பேரில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, எனக்கும்தான். நான் வந்தது அதனால். அந்தத் தாளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வாளிப் பயிற்சி கொடுத்த அதே மூத்த பயிற்றுநரிடம் தனியாகப் போனேன். நடந்ததைச் சொல்லு, தோற்றதையும் சொல்லு, அதற்கு அப்புறம் என்ன செய்தாய் என்பதையும் சொல்லு என்றார். நேர்காணலில் ஏணியைப் பற்றியும் மணல் வாளியைப் பற்றியும்தான் அதிகம் பேசினேன். மூன்று பேர் கொண்ட குழு அதைப் பற்றியே ஏழெட்டு கேள்வி கேட்டது.

யார் சேரலாம்? உடல்திறன் தேர்வில் ஒருமுறை தோற்றவர்கள், எங்கே தோற்றோம் என்று தெரிந்தவர்கள், தாராளமாகச் சேருங்கள். இதுவரை தேர்வே எழுதாதவர்கள் முதலில் துறையிடம் விசாரியுங்கள். சிபேட் நடத்தும் இடங்களில், தேர்வுக்கு முந்தைய வாரங்களில் கருவிகளைப் பார்த்துப் பழகவும் நேரம் வைத்துச் செய்து பார்க்கவும் வாய்ப்புத் தருவது நடைமுறை. என் முதல் முறையில் அதற்குப் போகாமல் விட்டேன், ஷிப்ட் மாற்றக் கேட்கத் தயங்கிக்கொண்டு. போயிருந்தால் என் விரல்களின் கதை அன்றைக்கே தெரிந்திருக்கும். பாராமெடிக் ஆக நினைப்பவர்களுக்கு இந்த மையம் வேண்டாம். அந்தப் பணத்தை இஎம்டி படிப்புக்குக் கட்டுங்கள்.

இரண்டாம் முறை 9 நிமிடம் 38 விநாடியில் முடித்தேன். கூரையில் மட்டும் 20 விநாடிக்கு மேல் நின்று நின்று இழுத்தேன், பழகாத வேலை பழகாததுதான். பின்னணி விசாரணை முடிந்துவிட்டது, மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருக்கிறேன்.

சேருபவர்களுக்கு ஒன்று: மையத்தில் இருக்கும் கையுறைகள் எல்லாம் பெரிய அளவு. சின்னக் கை உள்ளவர்கள் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போங்கள். பெரிய கையுறைக்குள் துணி மடிந்தால் கயிறு நிற்காது.