அலுமினிய உடல் பிக்கப்பும் ஒன்டாரியோவின் சாலை உப்பும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அலுமினிய உடல் கொண்ட பிக்கப் கனடாவின் குளிர்காலத்தையும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பையும் தாங்குமா என்று வாங்க எண்ணும் பலரும் கேட்கிறார்கள். 2018-இல் புதிதாக வாங்கிய ஃபோர்ட் எஃப்-150 வண்டியை ஒன்டாரியோ மாகாணத்தின் பாரி நகரில் வைத்துக்கொண்டு, கட்டட வேலைகளுக்காக நெடுஞ்சாலை 400 வழியே டொரன்டோவுக்கு எல்லாப் பருவத்திலும் ஓட்டி வருகிறேன். உடல் மிக நன்றாகத் தாங்கியிருக்கிறது. ஆனால் இத்தகைய வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த உடல் அல்ல, அதைச் சுமக்கும் எஃகுதான் என்பது இத்தனை குளிர்காலங்களில் எனக்கு உறுதியாகியிருக்கிறது.

இந்த வரிசை 2015 மாடலில் அலுமினியத்துக்கு மாறியபோது, எடை 700 பவுண்டு வரை குறைந்தது என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. மாறியவை கேபினும் பின்புறச் சரக்குத் தொட்டியும் மட்டுமே. உடலைச் சுமக்கும் அடிச்சட்டமான சேசி அன்றும் எஃகு, இன்றும் எஃகு. லீஃப் ஸ்பிரிங், அச்சு, பிரேக் வட்டு, உதிரிச் சக்கரத்தைத் தொங்கவிடும் தாங்கி என உப்புநீர் நேராகத் தெறிக்கும் பாகங்களில் பெரும்பாலானவை இரும்பின் இனமே.

ஒன்டாரியோவில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஹூரான் ஏரிக்கு அடியில் ஏறக்குறைய 550 மீட்டர் ஆழத்தில் இருக்கும் காட்ரிச் சுரங்கம் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். கல்லுப்பைத் தூவுவதோடு, பனி விழுமுன்பே உப்புக்கரைசலைச் சாலையில் தெளிக்கும் வழக்கமும் உண்டு. அந்தக் கரைசல் புழுதியைப் போல உதிர்ந்துவிடுவதில்லை. மடிப்புகளுக்குள் ஊடுருவி அங்கேயே தங்குகிறது. கால்சியம் குளோரைடோ மெக்னீசியம் குளோரைடோ கலந்திருந்தால், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மழையில்லாத நாளிலும் காயாமல் இருக்கும்.

முன்பு என்னிடம் எஃகு உடல் கொண்ட ஒரு பிக்கப் இருந்தது. சக்கர வளைவுகளிலும் கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்பிலும் பெயின்ட் முதலில் கொப்பளித்து, பின் உரிந்து, இறுதியில் விரல் நுழையும் ஓட்டையானது. இப்போதைய வண்டியில் அதே இடங்களைக் குனிந்து விளக்கடித்துப் பார்த்தால் பெயின்ட் வழவழப்பாகவே இருக்கிறது. சரளைக்கல் பட்டு உலோகம் வெளியே தெரியும் புள்ளிகள்கூடச் செந்நிறம் கொள்ளாமல் சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டன. அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலமே அதற்குக் கவசம்.

அந்தக் கவசம் குளோரைடின் முன் முழுமையானதல்ல என்பதையும் ஓரிடத்தில் பார்த்தேன். சக்கரத்தின் பின்னால் மண்தடுப்பு பொருத்திய கடையில், உடலைத் துளைத்துச் சாதாரண எஃகுத் திருகாணிகளை நேரடியாக முறுக்கியிருந்தார்கள். சில குளிர்காலங்களுக்குப் பின் அந்தத் திருகாணிகளைச் சுற்றிப் பெயின்ட் நூல்நூலாக மேலெழும்பியது. நகத்தால் கீறியபோது உள்ளே சுண்ணாம்பைப் போன்ற வெள்ளைப் பொடி உதிர்ந்தது. எஃகும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிறது. அதில் தன்னைக் கரைத்துக்கொள்வது அலுமினியம்தான். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட்டாலும் இந்த அரிப்பு நிற்காது. அரித்த இடத்தைச் சுரண்டி, ப்ரைமரும் பெயின்டும் பூசி, நைலான் வாஷரை இடையில் வைத்துத் திருகிய பின் அங்கே அரிப்பு பரவவில்லை. தொட்டிக்கு மூடியோ கருவிப்பெட்டியோ பொருத்துவோர் இந்த ஒன்றைக் கட்டாயம் கேட்டுச் செய்யவேண்டும்.

கீழே நிலைமை வேறு. சேசியின் பூச்சு பற்றவைப்பு விளிம்புகளில் முதலில் விட்டுக்கொடுத்தது. அங்கிருந்து துரு மெல்லப் படர்ந்தது. இது எஃகுக்கும் உப்புக்கும் உள்ள பழைய பகை. 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவர், போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கலவை உடலோடு செய்யப்பட்டது. அந்த வரிசையின் பழைய வண்டிகளைச் சீரமைப்போர் உடல் தகடுகளை வைத்துக்கொண்டு சேசியையே புதிதாக மாற்றும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆகவே ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சேசியின் உட்குழிவுகள்வரை எண்ணெய் தெளிக்கச் செய்கிறேன். என் பார்வையில், உடலுக்கு மெழுகு போடுவதைவிட இந்தச் செலவு பலமடங்கு பயனுள்ளது.

கழுவுவதில் சில சொல்லவேண்டும். கடும் குளிரில் உறைந்து கிடக்கும் உப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். சூடான கராஜுக்குள் கழுவாமல் ஏற்றினால் உருகி, இரவு முழுவதும் அரிக்கும். வெயில் ஏறும் ஏப்ரலில் அடிப்புறத்தை நிதானமாகக் கழுவி, கதவடி வடிகால் துளைகளைத் திறந்துவிடுவது நடுக்குளிரில் அவசரமாக அடிக்கும் நீரைவிட முக்கியம். காரம் மிகுந்த சோப்புத் திரவம் அலுமினியத்தையே அரிக்கும் என்பதால் நடுநிலையானதையே பயன்படுத்துகிறேன்.

பழைய அலுமினிய பிக்கப் வாங்குவோர் பளபளக்கும் கதவில் மயங்காமல், முதலில் லிஃப்டில் ஏற்றி ஸ்பிரிங் தாங்கிகளையும் பிரேக் குழாய்களின் இணைப்புகளையும் சேசியின் பின்பகுதியையும் பார்க்கவேண்டும். எஃகு உடலில் சேதத்தை மறைக்கப் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதும். அலுமினியத்தில் காந்தம் எங்கும் ஒட்டாது. எனவே இரும்பல்லாத உலோகத்திலும் வேலை செய்யும் பூச்சுத்தடிமன் அளவியைக் கையோடு கொண்டுபோவது நல்லது.