ரோமா பாஸா, சில்லறை டிக்கெட்டா?

ரோமா பாஸ் என்ற சுற்றுலா அட்டையை வாங்காதீர்கள். இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். விதிவிலக்குகள் உண்டு, அவை பின்னால் வரும். ஆனால் முதல்முறை ரோமுக்குப் போகிறவர், கையில் அளவான பணம், காலில் ஓரளவு தெம்பு, தங்குவது நகர நடுவில் என்றால், அந்த அட்டை உங்கள் பணத்தை மிச்சப்படுத்துவதைவிடச் செலவழிக்கவே அதிகம் உதவும்.

என் அக்கா குடும்பம் பாஸ் வாங்கியது. நானும் மனைவியும் தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தோம். தங்கியது ஒரே இடம், போனது ஒரே நாட்கள். இரவில் உட்கார்ந்து வரவு செலவு எழுதுவது அத்தானுடைய வழக்கம். ஆகவே இந்த ஒப்பீட்டுக்கான கணக்கு எனக்குச் சும்மா கிடைத்தது.

முதலில் இரண்டும் என்னென்ன என்று சுருக்கமாக. ரோமா பாஸில் 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று இரண்டு வகை. நாங்கள் விலை பார்த்தபோது முன்னது 36.50 யூரோ, பின்னது 58.50 யூரோ. சிறிய அட்டையில் முதலில் நுழையும் ஓர் இடம் இலவசம், பெரிய அட்டையில் முதல் இரண்டு இடங்கள். அதற்குப் பிறகு போகும் இடங்களில் சலுகை விலை. நகர பஸ், டிராம், மெட்ரோ எல்லாம் அந்த மணிக்கணக்கு முடியும்வரை அடக்கம். விமான நிலையத்துக்குப் போகும் ரயில் அடங்காது. வாடிகன் அருங்காட்சியகமும் அடங்காது. வாடிகன் தனி நாடு, தனிக் கல்லாப்பெட்டி. விளம்பரத்தைப் பார்த்து மொத்த ரோமும் கைக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு முதல் அடி இங்கேதான் விழும்.

பாஸ் இருந்தால் வரிசையில் நிற்காமல் தப்பலாம் என்பார்கள். ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். கொலோசியத்துக்கும் போர்கேசே கலைக்கூடத்துக்கும் பாஸ் இருந்தாலும் நேரத்தை முன்பதிவு செய்தாகவேண்டும்.

இப்போது கணக்கு. கொலோசியம், பழைய ரோமானிய மன்றம், பாலத்தீன் குன்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் 18 யூரோ. 48 மணி நேர அட்டையின் 36.50 யூரோவில் இதைக் கழித்தால் மீதி 18.50. இந்த மீதியை நீங்கள் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஏறி இறங்கித்தான் தேற்றவேண்டும். ரோமில் ஒரு சாதாரண டிக்கெட் 1.50 யூரோ. அதிலும் அந்த டிக்கெட் 100 நிமிடம் செல்லும். அதற்குள் பஸ் மாறிக்கொண்டே இருக்கலாம், மெட்ரோவில் மட்டும் ஒருமுறைதான் நுழையலாம். 18.50 யூரோவை 1.50 யூரோவால் வகுத்தால் பன்னிரண்டுக்கு மேல் வருகிறது. அதாவது இரண்டு நாளில் பதின்மூன்று தனித்தனி டிக்கெட் எடுக்கும் அளவுக்கு நீங்கள் வண்டி ஏறினால்தான் அட்டை போட்ட முதலை எடுக்கும். இரண்டாவதாகப் போகும் இடத்தில் கிடைக்கும் சில யூரோ சலுகையைச் சேர்த்துக்கொண்டாலும் பத்தை ஒட்டி வரும். பெரிய அட்டையில் கொலோசியத்தோடு போர்கேசேயையும் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறவில்லை. அத்தான் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

அந்த ஊரில் யாரால் அவ்வளவு தடவை பஸ் ஏற முடியும்? பார்க்கவேண்டிய இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பாந்தியோனிலிருந்து நவோனா சதுக்கம் நாலு தெரு. அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் சான்ட் ஆஞ்செலோ கோட்டை, அதைத் தாண்டினால் புனித பேதுரு பேராலயம். கொலோசியத்திலிருந்து வாடிகன் வரை நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நிற்காமல் நடக்க முடியாது, வழியெல்லாம் பார்க்க ஏதாவது இருக்கிறது. மெட்ரோவோ இந்தப் பழைய நகர மையத்துக்குள் நுழைவதே அபூர்வம். தோண்டுகிற இடமெல்லாம் பழங்காலம் கிளம்புவதால் புதிய பாதை போடுவது அங்கே பல ஆண்டு வேலை.

அக்கா வீட்டில் நடந்தது இதுதான். பாஸ் வாங்கியாயிற்று, ஆகவே பஸ்ஸில் போகவேண்டும். பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தூரத்துக்கு நிறுத்தத்தில் இருபது நிமிடம் நிற்பார்கள். வந்த பஸ் நிரம்பி வழியும். அக்கா ஒருநாள் நிறுத்தத்திலேயே அத்தானிடம், "நீங்க வேணும்னா முதலை எடுத்துட்டு வாங்க, நான் நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள்.

அட்டையின் மணிக்கணக்கு நீங்கள் தூங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் நுழைவு இலவசம் என்பதால் விலை கூடிய இடத்தில்தான் முதலில் நுழையவேண்டும். தெரியாமல் வழியில் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் காட்டிவிட்டால் போச்சு. இப்படி எதை எப்போது பார்ப்பது என்பதை அட்டை முடிவு செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

நான் ஏன் மறுபக்கம் சாய்கிறேன் என்றால், ரோமில் பெரிய கலை ஏராளமாகக் கோவில்களில் இருக்கிறது, அந்தக் கோவில்களுக்கு டிக்கெட் கிடையாது. அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கக்கூடிய ஓவியங்கள் எந்தக் கோவிலுக்காக வரைந்தார்களோ அங்கேயே தொங்குகின்றன. கரவாஜியோவின் ஓவியம் ஒன்றைப் பார்க்க மற்ற ஐரோப்பிய நகரங்களில் நல்ல காசு கொடுக்கவேண்டும். ரோமில் நடந்தே ஒரு முற்பகலில் ஆறு பார்க்கலாம்: சான் லூயிஜி தெய் பிரான்செசி கோவிலில் மூன்று, பக்கத்துத் தெருவில் சான்ட் அகோஸ்டினோவில் ஒன்று, வடக்கே கொஞ்சம் நடந்தால் சாந்தா மரியா தெல் போப்பொலோவில் இரண்டு.

சான் லூயிஜியில் மூன்று ஓவியங்களும் இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் இருட்டுக்குள் இருக்கின்றன. சுவரோரம் ஒரு பெட்டி, காசு போட்டால் விளக்கு எரியும். எரிந்ததும் இடப்பக்கச் சுவரில் மத்தேயுவும் கூட இருப்பவர்களும் மேசையில் காசு எண்ணிக்கொண்டிருப்பது தெரியும். அதே படத்தின் வலப்பக்கம் நின்று இயேசு கை நீட்டுகிறார். சிறுவன் ஒருவன் திரும்பிப் பார்க்கிறான், மேசையின் கோடியில் இருக்கிறவன் நிமிரவே இல்லை, காசிலேயே கண். 1600ஐ ஒட்டி வரைந்தது. சட்டென்று விளக்கு அணைந்துவிடும். அங்கே நிற்கிற முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், அடுத்த காசை யார் போடுவது என்று. காசு எண்ணுகிறவனின் படத்துக்கு முன்னால் இது நடப்பதுதான் வேடிக்கை. சில்லறை நாணயம் கையில் வைத்துக்கொண்டு போங்கள். யாராவது போடட்டும் என்று காத்திருப்பது சிக்கனத்தில் சேராது.

சான்ட் அகோஸ்டினோவில் இருப்பது மாதாவின் காலடியில் மண்டியிட்ட இரண்டு யாத்திரீகர்கள். அவர்களுடைய உள்ளங்கால்கள் நம் முகத்துக்கு நேராக இருக்கும், நடந்து நடந்து அழுக்கேறியவை. அன்று அதுவரை நடந்திருந்த எனக்கு அந்தக் கால்களைப் பார்த்ததும் ஓர் உறவு தோன்றியது.

கொலோசியத்திலிருந்து பத்து நிமிட ஏற்றத்தில் சான் பியெட்ரோ இன் வின்கோலி. உள்ளே மைக்கேலாஞ்சலோவின் மோசே, இரண்டாம் ஜூலியஸ் போப்பின் கல்லறைக்காகச் செய்தது. இலவசம். சான்ட் இக்னாசியோவில் ஆண்ட்ரேயா பொஸ்ஸோ தட்டையான கூரையில் குவிமாடம் இருப்பதுபோலவே வரைந்துவைத்திருக்கிறார். தரையில் அடையாளமிட்ட இடத்தில் நின்றால் நம்பிவிடுவீர்கள், நாலடி நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நடுவில் கண்ணாடி வைத்துப் படமெடுக்க நீண்ட வரிசை நிற்கும். அண்ணாந்து பார்க்க வரிசை எதுவும் தேவையில்லை.

கோவில்களில் ஒரு சிக்கல் உண்டு. பல கோவில்கள் பன்னிரண்டரை வாக்கில் மூடிவிட்டு மூன்று, மூன்றரைக்குத்தான் திறக்கும். பூசை நடக்கும்போது சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். ஆகவே காலையில் சிறிய கோவில்கள், நடுப்பகலில் மூடாத பெரிய பேராலயங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாந்தா மரியா மஜ்ஜோரே அப்படி ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் வேலைப்பாடு உள்ள கோவில். சிற்பி பெர்னினியின் கல்லறை அங்கேதான், 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸை அடக்கம் செய்ததும் அங்கேதான். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லாக் கோவிலுக்கும் வேண்டும். பையில் ஒரு துப்பட்டா போதும்.

காசு கொடுத்துப் பார்க்கவேண்டியதே இல்லையா என்றால், இருக்கிறது. கொலோசியத்துக்குக் கொடுங்கள், முக்கியமாக அதோடு சேர்ந்து வரும் மன்றத்துக்காகவும் பாலத்தீனுக்காகவும். டிக்கெட் பெயர் போட்டுத்தான் கிடைக்கும், முப்பது நாளுக்கு முன் இணையத்தில் திறப்பார்கள். திறந்தவுடன் தீர்ந்துபோவதில் கணினி நிரல்களின் கைவரிசையும் இருந்தது. 2025இல் இத்தாலியின் போட்டி ஆணையம் இது தொடர்பாகப் பல நிறுவனங்களுக்குச் சேர்த்து கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதிகாரப்பூர்வத் தளத்தைத் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள். மன்றத்தை மேலிருந்து பார்த்தால் போதும் என்றால் கம்பிடோலியோ குன்றின் பின்பக்கத்திலிருந்து முழுவதும் தெரியும், மாலை வெயிலில் இன்னும் நன்றாக.

போர்கேசேக்கும் கொடுங்கள். இரண்டு மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு கட்டாயம். பெர்னினியின் சிலையில் கிரேக்கப் புராணத்துப் பெண் தாஃப்னே விரல் நுனிகளில் இலை முளைத்து மரமாகிக்கொண்டிருப்பாள், பளிங்கு அந்த இடத்தில் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. பாந்தியோன் 2023 ஜூலை வரை இலவசம், பிறகு 5 யூரோ ஆக்கினார்கள். கூரையின் நடுவே ஏறக்குறைய ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வட்டத் திறப்பு, மழை பெய்தால் உள்ளேதான் விழும், தரையில் நீர் வடிய ஓட்டைகள் உண்டு. ஐந்து யூரோவுக்கு இதைவிட நல்ல கூரை கிடைக்காது.

மூன்றாவது வழி ஒன்றும் சொல்வார்கள்: இலவச ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் டிக்கெட் இல்லை, கொலோசியமும் சேர்த்து. கடைசி ஞாயிறு வாடிகன் அருங்காட்சியகம் இலவசம், பன்னிரண்டரைக்குள் நுழைந்துவிடவேண்டும். வாடிகன் மதில் ஓரமாக அந்த வரிசையைப் பார்த்தேன், சேரவில்லை. 20 யூரோ மிச்சம் பிடிக்க அரை நாளைக் கொடுப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ரோமிலேயே வசிக்கும் மாணவருக்குச் சரிப்பட்டு வரலாம்.

சாப்பாட்டில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. எடை போட்டு வெட்டித் தரும் பிட்சாவில் உருளைக்கிழங்கு பரப்பியது சைவர்களுக்கு நல்ல துணை. தண்ணீர் வாங்காதீர்கள். ஊர் முழுக்க வார்ப்பிரும்புத் தூண்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், 1874 முதல் வைத்துவருகிறார்கள். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், அப்படியே குனிந்து குடிக்கலாம்.

பாஸ் யாருக்குப் பயன்படும்? நகரத்துக்கு வெளியே தங்கி தினமும் மெட்ரோவில் வருகிறவருக்கு. நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு, பஸ் ஏறுவது அவர்களுக்குக் கணக்கு விஷயமே அல்ல. கம்பிடோலியோ அருங்காட்சியகம், ஆரா பாச்சிஸ், திராஜன் சந்தை என்று நகராட்சி அருங்காட்சியகங்களை வரிசையாகப் பார்க்க நினைப்பவருக்கும் சலுகை கூடி வரும். ஆனால் அப்படிப் பார்த்தவர் யாரும் எங்கள் கூட்டத்தில் இல்லை, ஆகவே அந்தக் கணக்கை அடித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கைக்குழந்தையோடு இந்த நடை எப்படி இருக்கும் என்பதும் எனக்கு அனுபவமில்லாத சங்கதி. கல் பாவிய தெருக்களில் தள்ளுவண்டிகள் குதித்துக் குதித்துப் போவதை மட்டும் பார்த்தேன்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். அரசு அருங்காட்சியகங்களில் பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு எந்த நாட்டவரானாலும் நுழைவு இலவசம், வயதைக் காட்ட பாஸ்போர்ட் போதும். நகரப் பஸ்ஸில் பெரியவர் கூட வந்தால் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. அத்தான் பிள்ளைகளுக்கும் சேர்த்து நான்கு பாஸ் வாங்கவிருந்தார். அக்கா கடைசி நேரத்தில் இதைப் படித்துச் சொன்னதால் இரண்டோடு தப்பினார்.