எஸ்டபிள்யூஐ-புரோலாக்: பயனிலையைத் தொட்டுப் பார்க்க ஒரு மென்பொருள்

தருக்கவியலின் பயனிலை (predicate) புரிய வேண்டுமானால், புரோலாக் என்ற தருக்க நிரல்மொழிக்கான இந்த இலவச மென்பொருளை நிறுவுங்கள். 1987-இல் தொடங்கி இன்றும் வளர்கிறது.

‘கண்ணன் பாலைக் குடித்தான்’ என்பதில் நம் இலக்கணப்படி பயனிலை ‘குடித்தான்’, பால் செயப்படுபொருள். தருக்கத்தில் எழுவாய், செயப்படுபொருள் என்ற பிரிவே இல்லை. இரண்டும் பயனிலை நிரப்பும் இடங்கள்:

குடித்தான்(கண்ணன், பால்).

வேற்றுமை உருபு இல்லாததால் வரிசைதான் பொருளைத் தரும். இடம் மாறினால் பால் கண்ணனைக் குடித்துவிடும்! ‘வளவன் ஆசிரியர்’ போன்ற பெயர்ப் பயனிலையோ அப்படியே பொருந்துகிறது: ஆசிரியர்(வளவன்).

தமிழ் எழுத்தை நேரடியாக ஏற்கிறது என்பது பெரிய மகிழ்ச்சி. ஆனால் மாறி, அதாவது விடை தெரியாத இடத்தில் வைக்கும் பெயர், ஆங்கிலத்தின் A, B போன்ற பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு வேண்டும்: குடித்தான்(_யார், பால்). அடிக்கோடிட்ட மாறியில் எழுத்துப்பிழை வந்தால் எச்சரிக்கை வராது. கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும். பயனிலைக்கும் அடைப்புக்குறிக்கும் இடையே இடைவெளி விட்டால் பிழை. இரண்டு இடங்கள் கொண்ட குடித்தான்/2, மூன்று இடங்கள் கொண்ட குடித்தான்/3 இரண்டும் வெவ்வேறு பயனிலைகள்.

அதிகம் சறுக்குவது தன்னையே அழைக்கும் விதிகளில். ‘மூதாதை’ விதியின் உடலில் (நிபந்தனைப் பகுதியில்) முதலில் ‘பெற்றோர்’, பிறகு ‘மூதாதை’ என எழுதுங்கள். மாற்றினால் முடிவில்லாமல் சுழன்று, வழக்கமான 1 ஜிபி நினைவக வரம்பைத் தாண்டி நிற்கும்.

எதிர்மறையில் கவனம் தேவை. \+ குறி ‘நிறுவ முடியவில்லை’ என்று மட்டுமே சொல்கிறது, ‘உண்மையல்ல’ என்றல்ல. மாணவர்களுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.