பழைய ஹார்ட் டிஸ்க்: ஆறு வருஷத்தில் நான் பார்த்துப் பழகிய எண்கள்

2019-ல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். வீட்டுப் புகைப்படங்களுக்கு இரண்டாவது பேக்கப் வேண்டியிருந்தது. அது இன்றைக்கும் ஓடுகிறது. அடுத்த வருஷம் வேறொரு கடையில் வாங்கியது பார்க்கப் புதுசு போலவே இருந்தது; ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

முதல் டிஸ்க்கை வாங்கப் போனபோது லேப்டாப்பையும், தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி-சாட்டா கேபிளையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், லேப்டாப்பின் யூஎஸ்பி போதாது. "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் மாட்டிப் பாத்துக்கிறேன்" என்றேன். "தாராளமா பாருங்க தம்பி" என்று மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 23,100 மணி நேரம் என்று காட்டியது. கிட்டத்தட்ட 960 நாள் இரவும் பகலும் ஓடியிருக்கிறது. ஆனால் ஆன் செய்யப்பட்டது வெறும் 41 தடவை. கேட்டேன், ஒரு அபார்ட்மென்ட்டின் சிசிடிவியைப் பதிவுசெய்யும் டிவிஆரில் இருந்ததாம். செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு துண்டு. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள்), சி5 (படிக்க முடியாமல் காத்திருப்பவை), சி6 (சரிசெய்ய முடியாதவை) மூன்றும் பூஜ்யம். வாங்கிவிட்டேன்.

இரண்டாவதில் மணிக்கணக்கு 300-தான். லேபிளில் தயாரிப்பு வருஷம் 2014. அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆறு வருஷம் சும்மா கிடந்திருக்கலாம், இல்லை, யாரோ எண்ணை அழித்திருக்கலாம். மூன்றாவது வாரம் சி5-ல் 8 வந்தது. அடுத்த நாள் 10. இரண்டுதானே கூடியிருக்கிறது என்று விட்டேன். அந்தப் பட்டியல் எண்களை ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட முறையில் காட்டும் என்பது தெரியாது. அந்த 10 உண்மையில் 16. ஏன் எட்டெட்டாக ஏறுகிறது? இப்போதைய டிஸ்க்குகளில் ஒரு செக்டர் 4096 பைட். அதையே 512 பைட் செக்டர்கள் எட்டாகக் கணினிக்குக் காட்டுகின்றன. ஒன்று கெட்டால் எட்டு கூடும். அந்த வாரமே ஃபோல்டரைத் திறந்தால் திரை உறைந்து நின்றது, டிஸ்க்குக்குள் டிக், டிக் என்று சத்தம். படங்களின் முதல் பிரதி வேறு இடத்தில் இருந்ததால் தப்பித்தேன்.

வாங்கும்போது சி5 எப்படிப் பூஜ்யமாக இருந்தது என்பதுதான் வெகுநாள் உறுத்தியது. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு. அதன்மேல் புதிதாக எழுதினால் டிஸ்க் சோதித்துப் பார்க்கும். தேறினால் கணக்கிலிருந்து எடுத்துவிடும். தேறாவிட்டால் மாற்று செக்டரை ஒதுக்கி 05-ஐக் கூட்டும். ஆக, விற்பதற்கு முன் முழு ஃபார்மட் ஒன்று போட்டால், நோய் உள்ளே இருந்தாலும் அன்றைக்குச் சி5 சுத்தமாகத் தெரியலாம்.

அதனால் இப்போது கடையிலேயே திரையைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரத்துக்குள் கோளாறு தெரிந்தால் திருப்பித் தருவேன் என்று காசு கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் முழு ஃபார்மட், குவிக் இல்லை. அப்புறம் ஸ்மார்ட் எண்களைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் மென்பொருளில் லாங் டெஸ்ட், அதாவது டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும் சோதனை. 2 டிபிக்கு இரண்டும் சேர்ந்தால் பகல் முழுக்கப் போய்விடும், போகட்டும். பிறகு போட்டோவோடு ஒப்பிடுவேன். 05 ஒன்று கூடியிருந்தாலும் டிஸ்க் கடைக்குத் திரும்பும்.

சி7 (தகவல் கேபிளில் வரும்போது நேரும் பிழைகள்) கூடினால் பயப்படாமல் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சீகேட் கம்பெனி டிஸ்க்கில் 01, 07 (படிப்பதிலும் இடம் தேடுவதிலும் வரும் பிழை விகிதம்) இரண்டிலும் பூதாகரமான எண் தெரியும், அது அதன் வழக்கம்.

மணிக்கணக்கை மட்டும் வைத்து நம்ப வேண்டாம் என்பதை 2025 தொடக்கத்தில் உலகமே பார்த்தது. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளை யாரோ ஸ்மார்ட் எண்களை அழித்துப் புதுசு என்று விற்றிருந்தார்கள். டிஸ்க்குக்குள் இருக்கும் ஃபார்ம் என்ற தனிப் பதிவு காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட்சிடிஎல் 7.4 முதல் அதைப் படிக்க முடிகிறது. சீகேட் என்றால் நான் அதைப் பார்க்காமல் வாங்குவதில்லை.

அந்த டிவிஆர் டிஸ்க்கை வாரம் ஒருமுறை மாட்டி பேக்கப் எடுக்கிறேன். நேற்று ராத்திரி பார்த்தபோது 24,352 மணி நேரம். 05, சி5, சி6 மூன்றும் இன்னும் பூஜ்யம்.